பொறி நின்றது, பழி யார்மேல்?



காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பது நம் முன்னோர் வழங்கிச் சென்ற பழமொழி. காக்கையின் எடையால் பனம்பழம் விழுவதில்லை. பழுத்துக் காம்பு தளர்ந்திருந்த பழம், காக்கை வந்தமர்ந்த அதே நொடியில் விழுந்தது, அவ்வளவே. ஆயினும் கீழே நின்று பார்ப்பவனுக்குக் காக்கைதான் கண்ணில் படுகிறது. தளர்ந்த காம்பு படுவதில்லை. இப்பழமொழியைச் சொல்லாத வீடில்லை. சொல்லிக்கொண்டே காக்கையைக் கல்லால் அடிக்காத வீடும் அரிதே. இதை நமக்குத் தெளிவாகக் காட்டியது, நாம் பணிபுரியும் அலுவலகத்திற்குப் புதிதாக வந்த ஒரு நகல் பொறி. அது பட்ட பாட்டையும், அதனால் ஓர் ஏழைப் பெண்மணி பட்ட பாட்டையும் இங்கு உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

சூட்டினால் நிலைக்கும் எழுத்து

நகல் பொறியை 'ஜெராக்ஸ் மெஷின்' என்றே ஊரார் யாவரும் அழைக்கின்றனர். ஜெராக்ஸ் என்பது ஒரு நிறுவனத்தின் பெயர். எனினும் எந்த நிறுவனத்தார் செய்த பொறியாயினும் அதில் எடுக்கும் படியை ஜெராக்ஸ் என்று சொல்வது நம் வழக்கமாகிவிட்டது. உலர்ந்த எழுத்து என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து பிறந்தது இப்பெயர். ஈர மை இல்லாமல், உலர்ந்த தூளைக் கொண்டு எழுதும் கலை இது.

இக்கலையைக் கண்டவர் செஸ்டர் கார்ல்சன் என்ற அமெரிக்கர். இளமையில் வறுமையை நன்கு அறிந்தவர். ஒரு நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவில் அவர் பணியாற்றியபோது, பத்திரங்களுக்குப் போதிய படிகள் கிடைக்காமல் நாள்தோறும் அல்லற்பட்டார். அந்த அல்லலே அவரை ஆராய்ச்சிக்குத் தூண்டிற்று. 1938ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள், நியூயார்க் நகரின் அஸ்டோரியா பகுதியில் ஒரு சிறிய அறையில் அவரும் அவருடைய உதவியாளரும் கந்தகம் பூசிய துத்தநாகத் தகடு ஒன்றைத் துணியால் தேய்த்து மின்னேற்றம் பெறச் செய்தனர். அன்றைய நாளையும் இடத்தையும் எழுதிய கண்ணாடித் துண்டை அதன்மேல் வைத்து ஒளியைப் பாய்ச்சினர். பின்னர் நுண்ணிய தூளைத் தூவி ஊதினர். எழுத்து இருந்த இடத்தில் மட்டும் தூள் ஒட்டி நின்றது. மெழுகுத் தாளை அதன்மேல் அழுத்தி எடுத்து, அத்தாளைச் சூடாக்கினர். மெழுகு இளகிற்று, தூள் அதில் பதிந்தது. சூடு காட்டாதிருந்தால், அந்த முதல் எழுத்து ஓர் ஊதலில் பறந்து போயிருக்கும்!

ஆக, இப்பொறியில் எழுத்தை நிலைக்கச் செய்வது முதல் நாள் தொட்டே சூடுதான். சூடு என்றால் அதனோடு ஆபத்தும் வரும் அன்றோ? 1959ஆம் ஆண்டு அறிமுகமான '914' என்னும் புகழ்பெற்ற நகல் பொறி ஏறக்குறைய 294 கிலோ எடையுள்ளது. அதனுள் தாள் சிக்கிக்கொண்டால் சில வேளைகளில் தீப்பற்றியதுண்டு. ஆதலின் சிறிய தீயணைப்புக் கருவி ஒன்றையும் அப்பொறியோடு சேர்த்தே தந்தனர். தீயணைப்பான் என்று சொன்னால் வாங்குவோர் அஞ்சுவர் என்று கருதிப்போலும், கருகலை நீக்கும் கருவி என்ற பொருளில் அதற்கு வேறொரு பெயர் சூட்டினராம்!

பொறி ஏன் நின்று விடுகிறது?

இந்நாளைய பொறிகளில் டோனர் எனப்படும் கருந்தூள், வண்ணம் கலந்த மிக நுண்ணிய பிளாஸ்டிக் துகளே. மின்னேற்றத்தின் ஈர்ப்பால் அது உருளையில் எழுத்துருவாக ஒட்டி, அங்கிருந்து தாளுக்கு மாறுகிறது. அந்நிலையில் விரலால் தொட்டால் எழுத்து அழிந்துவிடும். அதன்பின் தாள் இரண்டு உருளைகளுக்கிடையே நுழைகிறது. ஒன்றைப் பல பொறிகளில் உள்ளிருக்கும் ஹாலஜன் விளக்கு சூடாக்குகிறது. மற்றொன்று ரப்பர் போர்த்தியது, தாளை அழுத்துவது. சூடேறிய உருளையின் மேற்பரப்பு ஏறக்குறைய 150 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் கொண்டிருக்கும். அச்சூட்டில் துகள் இளகித் தாளின் நாரோடு ஒட்டிக்கொள்கிறது. பொறியிலிருந்து வெளிவரும் தாள் இளஞ்சூடாக இருப்பதன் காரணம் இதுவே. இப்பகுதிக்கு ஃபியூசர் என்று பெயர்.

ஃபியூசருக்குக் காவலர் இருவர் உண்டு. ஒருவர் தெர்மிஸ்டர் என்னும் சிறு உறுப்பு. சூடு ஏற ஏற இதன் மின்தடை குறையும். அதைக் கொண்டு பொறி தன் சூட்டை அறிகிறது. மற்றொருவர், சூடு எல்லை மீறினால் மின்சாரத்தையே துண்டித்துவிடும் காப்புறுப்பு. விளக்கு எரியத் தொடங்கிக் குறித்த நேரத்திற்குள் குறித்த சூடு வரவில்லையெனில், பொறி உடனே நின்று, திரையில் ஒரு குறி எண்ணைக் காட்டும். விளக்கு அணைந்துபோயிற்றா, தெர்மிஸ்டரின் இணைப்புத் தளர்ந்ததா, வரும் மின்சாரம் போதவில்லையா என்பதைப் பொறியால் பகுத்தறிய இயலாது. உருளை சுட்டுக்கொண்டிருக்கும்போதே தெர்மிஸ்டர் 'குளிர்ந்திருக்கிறது' என்று பொய் சொல்லவும் கூடும். அந்தப் பொய்யை நம்பி மேலும் சூடாக்கினால் தீ மூளும். ஆதலின் பொறி அஞ்சி நின்றுவிடுகிறது. பல பொறிகளில் இந்தக் குறி எண், மின்சாரத்தை அணைத்துப் போட்டாலும் நீங்குவதில்லை. இது பொறியின் பிடிவாதமன்று. நம் உயிருக்கான பாதுகாப்பு.

அம்மையார் தொட்டால் நிற்கும்!

நாம் பணிபுரிவது ஊருக்குச் சற்று வெளியே அமைந்த ஒரு பள்ளியின் அலுவலகத்தில். 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அங்குப் புதிய நகல் பொறி ஒன்று வந்து சேர்ந்தது. தலைமை எழுத்தர் முதல் சில வாரங்கள் காலை பத்து மணிக்கு மேல் அதைத் தாமே இயக்கிப் பழகினார். ஜூலை முதல் அப்பணி அலுவலக உதவியாளரான அம்மையாரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் தற்காலிகப் பணியாளர், கணவரை இழந்தவர், செவிலியர் படிப்புப் படிக்கும் மகளுக்குக் கட்டணம் கட்ட வேண்டியவர். நாம் அவரை அக்கா என்றே அழைப்போம். காலை எட்டு மணிக்கெல்லாம் வந்து கதவைத் திறந்து, கூட்டி, பிள்ளைகள் வருமுன் அன்றைக்கு வேண்டிய படிகளை எடுத்து அடுக்கி வைத்துவிடுவார்.

ஜூலை முதல் வாரத்திலேயே பொறி நின்றது. திரையில் ஃபியூசர் பழுது என்பதற்கான குறி எண். தொலைபேசியில் அழைத்தபோது, குறி எண்ணை நீக்கும் வழியைச் சர்வீஸ் பணியாளர் தலைமை எழுத்தருக்குச் சொல்லித் தந்தார். நீக்கியதும் பொறி ஓடிற்று. இரண்டு நாள் கழித்து மீண்டும் அதே எண், மீண்டும் நீக்கம். பணியாளர் நேரில் வந்து பார்த்தபோது பொறி ஒரு குறையுமின்றி நூறு படிகளை எடுத்துத் தந்தது! மறுமுறை வந்தபோது தெர்மிஸ்டரை மாற்றினார். நான்கு நாள் கழித்து மீண்டும் அதே எண். மூன்றாம் முறை, ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில், உத்தரவாதக் காலம் என்பதால் ஃபியூசர் முழுவதையுமே எடுத்துப் புதியதைப் பொருத்தினார். ஆறு வேலை நாட்கள் பொறி நிற்கவில்லை. நோய் தீர்ந்தது என்று யாவரும் மகிழ்ந்தனர். ஏழாம் நாள் காலை, அதே எண்!

அன்று தலைமை எழுத்தரின் பொறுமை எல்லை கடந்தது.

"ஏம்மா, நான் போட்டால் ஓடுது, சர்வீஸ் தம்பி போட்டால் ஓடுது. நீ தொட்டால் மட்டும் நிக்குதே, அது என்ன கைராசி?"

"பச்சைப் பொத்தானைத் தவிர வேற எதையும் நான் தொடலீங்க சார்" என்றார் அம்மையார்.

அவர் சொன்னதை எவரும் செவிமடுக்கவில்லை. கணக்கும் அவருக்கு எதிராகவே இருந்தது. ஒன்பது முறை பொறி நின்றது. ஒன்பது முறையும் அதை இயக்கியவர் அவர்தாம். புதிய உறுப்பையே கெடுத்துவிட்டார் என்ற பேச்சு நிர்வாகத்தின் காதுக்கும் எட்டிற்று. காலாண்டுத் தேர்வு வரை பார்ப்போம், பிறகு வேறு ஆளை வைத்துக்கொள்வோம் என்ற முடிவு ஏறக்குறைய எடுக்கப்பட்டுவிட்டது. பொறியை இனித் தொடக்கூடாது என்று அவருக்குக் கட்டளையும் பிறந்தது. அன்று மாலை அவர் வழக்கம்போலக் கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டு, ஒரு சொல்லும் பேசாமல் வீடு சென்றார்.

ஜெராக்ஸ் நோட்டு சொன்ன செய்தி

தாள் கணக்கைச் சரிபார்ப்பது நம் பொறுப்பு. எனவே மாதக் கணக்கிற்காக அம்மையாரின் ஜெராக்ஸ் நோட்டை வாங்கிப் பார்த்தோம். எந்த வகுப்பிற்கு எத்தனை படி என்று எழுதச் சொல்லியே அந்நோட்டு அவரிடம் தரப்பட்டிருந்தது. அவரோ படி எடுத்த நேரத்தையும் எழுதியிருந்தார். பொறி நின்ற நாட்களில் 'நின்றது' என்றும் எழுதியிருந்தார். அதுமட்டுமன்று, தாம் செய்த மற்ற வேலைகளையும், பின்னர் யாரேனும் கேட்டால் சொல்வதற்காக, அதிலேயே குறித்து வைத்திருந்தார்.

ஒன்பது 'நின்றது'களும் காலை 8.20க்கும் 9.05க்கும் இடையிலேயே இருந்தன. அவர் அதே பொறியில் பிற்பகலிலும் பலமுறை படி எடுத்திருந்தார். அப்போது ஒருமுறையேனும் அது நின்றதில்லை. ஆக, கை ஒன்றே, நேரம்தான் வேறு! அடுத்து, பொறி நலமாக இருந்த அந்த ஆறு நாட்களின் பக்கங்களைப் புரட்டினோம். ஒவ்வொரு நாளும் காலையில் 'மோட்டார் இல்லை, குடத்தில் தண்ணீர்' என்று எழுதியிருந்தது. பள்ளியின் தண்ணீர் மோட்டார் புகைந்துபோய், காயில் கட்டுவதற்காகக் கடைக்குச் சென்றிருந்த நாட்கள் அவை. மோட்டார் திரும்பி வந்து பொருத்தப்பட்ட நாளிலேதான் குறி எண்ணும் திரும்பி வந்தது.

"அக்கா, காலையில் மோட்டாரைப் போடுவது யார்?" என்று கேட்டோம்.

"நான்தான் சார். வந்ததும் மோட்டாரைப் போட்டுவிட்டு, டேங்க் நிறையறதுக்குள்ள ஜெராக்ஸை முடிச்சுடுவேன்" என்றார்.

காலை வேளையில், இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த உருளை முழுச் சூட்டையும் புதிதாகப் பெற வேண்டும். அதற்குத்தான் மின்சாரம் மிகுதியாகத் தேவைப்படுகிறது. சரியாக அவ்வேளையில் மோட்டாரும் ஓடிக்கொண்டிருந்தது. பத்து மணிக்கு மேல் வந்தவர்களுக்கோ, மோட்டார் நின்றிருக்கும். பொறியும் முன்னரே சூடேறியிருக்கும்.

மறுநாள் காலை பள்ளிக்கு வழக்கமாக வரும் வயர்மேனை அழைத்தோம். பொறி நின்ற இடத்தில் மின்னழுத்தத்தை அவர் அளந்தார். எதுவும் ஓடாதபோது 222 வோல்ட். மோட்டார் ஓடத் தொடங்கியதும் 200. அதோடு நகல் பொறியும் சூடேறத் தொடங்கியதும் 178! மின்னழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் விளக்கு தரும் வெப்பம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். அப்படியிருக்க, குறித்த நேரத்தில் உருளை எவ்வாறு சூடேறும்? மேலும், பொறியின் வயர் சுவரிலுள்ள ப்ளக்கை எட்டவில்லையென்று, மெல்லிய வயர் கொண்ட எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றில் அதைச் செருகியிருந்தனர். வயர்மேன் அந்த ப்ளக்கைக் கழற்றிக் காட்டினார். அதன் முனை பழுப்பேறி, தொட்டால் சுட்டது. உருளையைச் சென்றடைய வேண்டிய சூட்டில் ஒரு பங்கு அங்கேயே வீணாகிக்கொண்டிருந்தது. இன்னும் சில மாதம் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எண்ணவும் அஞ்சுகிறோம்.

முற்காலத்துக் குண்டு பல்பு எரிந்த அலுவலகமாயிருந்தால், மின்னழுத்தம் குறைந்ததை மங்கிய ஒளியே சொல்லியிருக்கும். இக்காலத்து எல்.இ.டி. விளக்குகளோ மின்னழுத்தம் ஓரளவு குறைந்தாலும் ஒரே சீராக எரிகின்றன. மின்விசிறி மட்டும் சற்று மெதுவாகச் சுற்றிற்று. அதை எவரும் பொருட்படுத்தவில்லை.

பிறகு, மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே தலைமை எழுத்தர் தம் கையாலேயே பொறியை இயக்கினார். சற்று நேரத்தில் அதே குறி எண் தோன்றிற்று. மோட்டாரை நிறுத்தி, எண்ணை நீக்கி, மீண்டும் இயக்கினார், பொறி ஓடிற்று. மறுபடியும் மோட்டாரோடு, மறுபடியும் நின்றது. அவ்வளவு நேரமும் அம்மையார் வாசற்படி அருகே, பொறியைத் தொடாமல், கை கட்டி நின்றுகொண்டிருந்தார்.

தீர்வும் அதன் பின்னும்

தீர்வு எளிதாகவே இருந்தது. மெயின் போர்டிலிருந்து தடித்த செப்புக் கம்பியில் தனி லைன் இழுத்து, எர்த் இணைப்புடன் 16 ஆம்பியர் ப்ளக் பாயிண்ட் ஒன்றைப் பொறியின் அருகிலேயே அமைத்தோம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் குப்பைக்குப் போயிற்று. காலையில் முதலில் பொறி சூடேறட்டும், பிறகு மோட்டார் ஓடட்டும் என்று வேலையின் வரிசையும் மாற்றப்பட்டது. இதற்கான செலவு, சர்வீஸ் பணியாளர் பொருத்திய புதிய ஃபியூசரின் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறிதே. ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. அந்தக் குறி எண் மீண்டும் தோன்றவில்லை.

சர்வீஸ் பணியாளரைக் குறை சொல்வதற்கில்லை. அவர் வந்த நேரங்களில் பொறி நலமாக இருந்தது. கண்ணுக்கு எதிரே இருந்த உறுப்புகளை அவர் முறையாக மாற்றினார். பொறியின் பழுதைப் பொறிக்குள்ளேயே தேடுவது இயல்புதான். ஆனால் காரணம் பொறிக்கு வெளியே, சுவருக்குள் ஓடிய கம்பியில் இருந்தது.

அம்மையாரிடம் எவரும் வாய்விட்டு வருத்தம் தெரிவிக்கவில்லை. நம் அலுவலகங்களில் அப்படியொரு வழக்கம் இன்னும் வரவில்லைபோலும். எனினும் அடுத்த வாரம் தலைமை எழுத்தர் தம் பணத்தில் கோடிட்ட நீண்ட நோட்டு ஒன்றை வாங்கி வந்து, "அம்மா, பழைய நோட்டு மாதிரியே இதிலும் நேரம் போட்டு எழுதுங்க" என்று அவர் கையில் கொடுத்தார். 'நீ' என்றவர் 'எழுதுங்க' என்றதை நாம் கவனித்தோம். வேறு ஆளைப் பார்ப்பது பற்றிய பேச்சும் அதோடு அடங்கிற்று.

நம் இல்லங்களுக்கு ஒரு சொல்

வாசகர்களே! இது அலுவலகக் கதைதானே என்று ஒதுக்கிவிடலாகாது. ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் அயர்ன் பாக்ஸையும் மிக்ஸியையும் ஹீட்டரையும் செருகும் வீடுகள் நம்மிடையே எத்தனை! ப்ளக் சுட்டால், பழுப்பேறினால், பிளாஸ்டிக் தீய்ந்த வாடை வந்தால், அன்றே வயர்மேனை அழையுங்கள். சூடேறும் கருவி எதுவாயினும் அதற்குத் தடித்த கம்பியும் தனி ப்ளக்கும் எர்த்தும் வேண்டும். லேசர் பிரிண்டரையும் நகல் பொறியையும் கணினிக்காக வைத்த சிறிய யு.பி.எஸ்.இல் இணைக்காதீர்கள், சூடேறும் வேளையில் அவை இழுக்கும் மின்சாரத்தை அது தாங்காது. கருவி ஓர் எச்சரிக்கையைக் காட்டினால், காரணத்தைத் தேடாமல் எச்சரிக்கையை மட்டும் அழித்துக்கொண்டிருப்பது, காய்ச்சல்காரரின் நெற்றியைத் துடைத்துவிட்டு நோய் தீர்ந்தது என்பதற்கு ஒப்பாகும்.

கருவிகளுக்குச் சொன்ன இதுவே மனிதர்க்கும் பொருந்தும். புதுமருமகள் வந்த மாதத்தில் மாமனாருக்கு உடல்நலம் குன்றினால், வந்த நேரம் சரியில்லை என்கிறோம். ஒரு குழந்தை பிறந்த ஆண்டில் கடை நட்டப்பட்டால், அக்குழந்தையின் ராசியைக் குறை கூறுகிறோம். வேலைக்கு வரும் பெண் இருந்த நாளில் மோதிரம் காணாமற்போனால், தேடுவதற்கு முன்பே அவள் முகத்தைப் பார்க்கிறோம். இத்தகைய பழி பெரும்பாலும் யார்மேல் விழுகிறது? எதிர்த்துப் பேச வலுவில்லாதவர் மேலேயே விழுகிறது. மாமனாரின் புகைப் பழக்கத்தையும் கடையின் கடன் கணக்கையும் ஆராய்வது கடினம். அருகில் நிற்பவரைச் சுட்டுவதோ மிக எளிது.

ஆகவே, பழுது நேரும்போது மூன்றைக் கேட்டுப் பழகுவோம். அது எந்த நேரத்தில் நேர்ந்தது? அவ்வேளையில் வேறு என்ன நடந்துகொண்டிருந்தது? அது நேராத நாட்களில் எது மாறியிருந்தது? இம்மூன்றில் கடைசிக் கேள்வியே தலையாயது. அதைத்தான் நாம் கேட்பதே இல்லை. பழுது நேர்ந்த நாளை எவரும் நினைவில் வைத்திருப்பர். நேராத நாளை எழுதி வைத்தவரே காரணத்தைக் காண்பர். பனம்பழம் விழுந்த நாளில் காக்கை இருந்தது மெய்தான். ஆனால் காக்கை அமர்ந்தும் பழம் விழாத நாட்கள் எத்தனை என்பதையும் எண்ணிப் பார்த்த பின்னரே கல்லைக் கையில் எடுப்போமாக. எண்ணிப் பார்த்தால், பெரும்பாலும் எடுக்கமாட்டோம்.